அறுத்த புல்லும் கடித்த புல்லும்

அருவாள் பட்ட புல்லையும் மாடு கடித்த புல்லையும் பிரித்துச் சொல்லப் பெரிய படிப்பு தேவையில்லை. அருவாள் பட்டால் தண்டு சாய்வாக, சுத்தமாக, எல்லாம் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் வெட்டுப்பட்டிருக்கும். மாட்டுக்கு மேல்வரிசையில் முன்பல் கிடையாது. அது நாக்கைச் சுற்றிப் புல்லை இழுத்துப் பிய்க்கும். அதனால் நுனி நைந்து நார் நாராக இருக்கும். ஒன்று உயரமாக, பக்கத்தில் இன்னொன்று குட்டையாக நிற்கும். ரொம்பக் குட்டையாக மேய்ந்த இடத்தில் வேரே ஆடிப்போயிருக்கும். மாட்டுப்பட்டியில் ஒரு மாதம் வேலை செய்தவனுக்கு இது தெரியும். நான் மாடுகளோடு பதினொரு வருடம் இருந்தவன்.

ஆனாலும் ஒரு நாள் காலையில், பெரிய துரையும் சங்கத் தலைவரும் ஒரு பால்வெட்டுக்காரப் பெண்ணும் பார்த்துக்கொண்டு நிற்க, நான் குனிந்து புல்லைப் பார்த்தேன். கடித்த புல் என்று கண்ணுக்கு நன்றாகத் தெரிந்தது. நிமிர்ந்து, அறுத்த புல் என்று சொன்னேன்.

எங்கள் தோட்டத்துக்குப் புதிதாக வேலைக்கு வந்திருக்கும் பிள்ளைகள் இரண்டு பேர் என்னைத் தேடி வந்தார்கள். ஆறாம் நம்பர் மலை எப்படி லாபத்துக்கு வந்தது என்று எழுதித் தரச் சொன்னார்கள். எழுதுகிறேன். ஆனால் லாபத்தை மட்டும் எழுதிக் கொடுத்தால் அது இன்னொரு பொய்யாகிவிடும். ஒன்றே போதும்.

1. ஆறாம் நம்பர் மலை

எஹலியகொடைப் பக்கம் இருக்கிற இறப்பர்த் தோட்டம் எங்களுடையது. இறப்பர்த் தோட்டத்தில் பால் என்றால் மரத்துப் பால். எங்கள் பாலை மாட்டுப் பால் என்று சேர்த்துத்தான் சொல்லவேண்டும். என் அப்பா மரத்துப் பால் வெட்டினார். நான் பங்களாவுக்குப் பாலும் நாற்று மேடைக்கு எருவும் கொடுத்துக்கொண்டிருந்த சின்ன மாட்டுப்பட்டியில் வேலைக்குச் சேர்ந்தேன். பத்து மாடுகள், கட்டிவைத்து வளர்க்கிற வேலை.

ஆறாம் நம்பர் மலையில் இருந்த கிழட்டு இறப்பர் மரங்களைப் பிடுங்கிப்போட்டார்கள். திரும்ப நடுவதற்கு ஆளும் இல்லை, காசும் இல்லை. மலை சும்மா கிடந்து புல் மண்டியது. கடைகளில் பால்மாவுக்கு வரிசை நின்ற காலம் அது. கொம்பனியில் யாருக்கோ யோசனை வந்தது, அந்த மலையில் மாடு மேய்த்துப் பால் விற்கலாம் என்று. பெரிய துரை என்னைக் கூப்பிட்டார். சிங்களவர், நல்ல மனிதர், தோட்டத்திலேயே தமிழ் பழகியவர், புல்லைப் பில்லு என்பார்.

"எனக்கு ரப்பர் தெரியும். பில்லு தெரியாது. ஒன்ன நம்பித்தான் எறங்குறேன். சரியா?"

"சரிங்க சேர்."

மூன்று கிழமை, இருபத்தொரு நாள், ட்ரெயினிங் அனுப்பினார்கள். ஒரு ஃபைலும் முழங்காலுக்குக் கீழ் வரை வருகிற ஒரு ஜோடி கம்பூட்ஸும் கொண்டு திரும்பி வந்தேன். சுப்பர்வைசர் ஆனேன். தொழிலாளர் வரிசை வீடான லயத்துக் காம்பராவை விட்டு, உத்தியோகத்தர்களுக்கான ஸ்டாப் வீட்டுக்குக் குடிபோனோம். கூப்பிட்டால் கேட்கிற தூரம்தான், ஆனால் நான் நடக்கிற நடையே மாறிப்போனது என்று என் வீட்டுக்காரி சொல்வாள். மாறித்தான் போனது.

வேலி அடிக்கிற அன்றைக்குத் தனலெட்சுமி வந்தாள். எங்கள் லயத்தில் இரண்டு காம்பரா தள்ளி இருந்தவள், என் தங்கச்சியோடு ஒன்றாகத் திரிந்தவள். எல்லாரும் தனம் என்போம். காலையில் பால் வெட்டுவாள், அந்தியில் தன் செவலை மாட்டுக்குப் புல் அறுப்பாள். அந்த ஒரு மாட்டுப் பாலில்தான் அவள் மகள் ஒவ்வொரு ஞாயிறும் பஸ் ஏறி இரத்தினபுரிக்கு ஏ.எல். பரீட்சைக்கு டியூஷன் போய் வந்தாள். புருஷன் நெஞ்சு வருத்தக்காரர், வேலைக்குப் போவதில்லை.

இங்கே ஒரு வழக்கத்தைச் சொல்லவேண்டும். எங்கள் மலைகளில் மழைத் தண்ணீர் வடிய வரிசை வரிசையாகக் கான் வெட்டியிருக்கும். எந்தக் கானில் யார் புல் அறுப்பது என்று எந்தப் புத்தகத்திலும் இருக்காது, ஆனால் லயத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஒருவர் கானில் இன்னொருவர் அருவாள் வைக்கமாட்டார். மகளைக் கட்டிக் கொடுக்கும்போது மாட்டோடு கானையும் சேர்த்துக் கொடுத்தவர்கள் இருக்கிறார்கள். ஆறாம் நம்பர் மலையின் மூன்றாம் கான் தனத்தின் மாமியாருடையது. அவர் போன பிறகு தனத்துக்கு வந்தது.

தனம் கம்பியைப் பார்த்தாள். "அண்ணே, எங்க கானு உள்ள போயிருச்சே."

"இது கொம்பனி மலை, தனம். ஒங்க கானுன்னு எங்க எழுதியிருக்கு?"

"எங்கயும் எழுதல. எங்க மாமி இருவது வருசமா அறுத்தாங்க. அந்தக் கானு மட்டும் வெளிய வர்ற மாதிரிக் கம்பிய வளைச்சு அடிக்க ஏலாதா?"

வளைத்து அடித்திருக்கலாம். பத்துப் பதினைந்து முழம் கம்பி கூடுதலாகப் போயிருக்கும். ஆனால் ஆட்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்திக்கு வளைத்தால் நாளைக்கு எல்லாரும் கேட்பார்கள் என்று நினைத்தேன்.

"ஆத்தோரத்துல புல்லு இருக்குல்ல. அங்க போய் அறு."

கம்பியிலிருந்து கையை எடுத்தாள். "சரிங்க ஐயா" என்றாள்.

அதுவரை அவள் என்னை ஐயா என்று சொன்னதில்லை. அன்றைக்கு அது எனக்குப் பெருமையாக இருந்தது. அதையும் எழுதத்தான் வேண்டும்.

2. எட்டுத் துண்டு

மலையை முள்ளுக்கம்பியால் எட்டாகப் பிரித்தோம். ட்ரெயினிங்கில் அதைப் பெடொக் என்றார்கள், எங்கள் ஆட்கள் துண்டு என்றார்கள். ஒரு துண்டில் மாடுகள் நாலு நாள் மேயும். பிறகு அடுத்தது. எட்டாவது முடிந்து முதல் துண்டுக்குத் திரும்பும்போது அந்தப் புல்லுக்கு இருபத்தெட்டு நாள் ஓய்வு கிடைத்திருக்கும். புல் கம்பூட்ஸின் மேல்விளிம்பைத் தொட்டால் மாட்டை உள்ளே விடலாம், கணுக்காலுக்கு வந்தால் வெளியே எடுக்கவேண்டும். இவ்வளவுதான் முழு வித்தையும்.

இரத்தினபுரி மாவட்டத்து மழையைக் கேட்கவேண்டாம். மழைக்காலம் பூராவும் புல் கம்பூட்ஸையும் தாண்டிப் போனது. பால் ஏறியது. பால் லொறிக்காரர் ஒரு கேன் கூடுதலாகக் கொண்டுவந்தார். துரை ஒபிசில் என்னை உட்காரச் சொன்னார்.

அப்போதே இரண்டு தப்புகள் உள்ளே இருந்தன.

முதலாவது, சந்தையில் வாங்கியதையும் சேர்த்து இருந்த மாடுகள் இருபத்திரண்டில் நாலு எதற்கும் ஆகாதவை. இரண்டு சினையே பிடிக்கவில்லை. ஒன்றுக்கு மடிநோய் வந்து காம்பு செத்துவிட்டது. ஒன்று கிழடு. பால் கொடுக்கிற மாடு தின்கிற அளவு புல்லை இவையும் தின்றன. விற்றுவிடவேண்டும் என்று ரிப்போர்ட்டில் எழுதவேண்டியது என் வேலை. எழுதவில்லை. ஏனென்றால் சந்தையில் அவற்றைப் பார்த்து எடுத்தவனே நான். இருபத்திரண்டு தலை என்று எழுதும்போது பார்வைக்கும் நன்றாக இருந்தது.

இரண்டாவது, புல் இலவசம் என்று நாங்கள் நினைத்தது. மாதக் கடைசியில் துரை ஒரு தாள் போடுவார். ஒரு பக்கம் பால் வருமானம், மறுபக்கம் தீவன மூட்டை, மருந்து, சம்பளம். அந்தத் தாளில் புல்லுக்கு ஒரு வரி கிடையாது. மூட்டை விலையோ மாதத்துக்கு மாதம் ஏறியது. "மூட்டையக் கொறை, பில்லக் கூட்டு" என்பார். நானும் தலையாட்டினேன். புல்லுக்கும் விலை இருக்கிறது. அதைக் காசாகக் கொடுக்காமல் நாளாகக் கொடுக்கிறோம். அது பிறகுதான் எனக்கு உறைத்தது, அதுவும் இன்னொருத்தி சொல்லி.

3. காய்ச்சல் மாதம்

இரண்டாவது வருடம் தைப்பொங்கல் முடிந்த கையோடு மழை நின்றது. எங்கள் பக்கம் அப்படி நிற்பது குறைவு, நின்றால் அதைக் காய்ச்சல் மாதம் என்போம், மலை மஞ்சளாகிவிடும். புல் கணுக்காலுக்கு மேல் எழும்பவில்லை. நாலு நாள் தாங்கவேண்டிய துண்டை மாடுகள் இரண்டே நாளில் முடித்துவிட்டுக் கம்பியோரம் நின்று கத்தின. நான் அடுத்த துண்டைத் திறந்தேன். அதுவும் இரண்டு நாள்.

இதைக் கொஞ்சம் கவனமாகப் படியுங்கள், பிள்ளைகளே. ஒரு துண்டுக்கு இரண்டு நாள் என்றால் எட்டுத் துண்டும் பதினாறு நாளில் முடிந்துவிடும். ஓய்வு இருபத்தெட்டிலிருந்து பதினாலாகிவிட்டது. மழையில்லாத காலத்தில் புல்லுக்கு நாற்பது நாளாவது வேண்டும். வேண்டியது கூடும்போது நான் கொடுத்தது பாதியாகிவிட்டது. அடுத்த சுற்றில் இரண்டு நாள்கூடத் தாங்கவில்லை. புல் குறையக் குறைய வேகமாகச் சுற்றினேன், வேகமாகச் சுற்றச் சுற்றப் புல் குறைந்தது. அப்போது சுற்றை நிறுத்தி, கொஞ்ச நாள் மூட்டைத் தீவனத்துக்குச் செலவு செய்து, அந்த நாலு மாட்டையும் தள்ளியிருக்கவேண்டும். துரையின் தாளை நினைத்துக்கொண்டு நான் ஒன்றும் செய்யவில்லை.

ஒரு நாள் ஐந்தாம் துண்டைத் திறந்துகொண்டிருந்தேன். தனம் மரத்துப் பால் வாளியோடு ஸ்டோருக்குப் போகிறவள் கம்பியோரம் நின்றாள்.

"ஐயா, அது இன்னும் குருத்தே விடலீங்க. இப்ப மாட்ட விட்டா அடுத்த மொற வராதுங்க."

நான் கம்பியைக் கழற்றிக்கொண்டே இருந்தேன்.

"அந்தச் செனை புடிக்காததுக, காம்பு செத்தது, கெழடு, அந்த நாலையும் வித்துட்டா மத்ததுக்குப் புல்லு காணும். அதுகதான் மத்ததுட புல்லையும் திங்குதுங்க."

வேலிக்கு வெளியே நின்றே நாலையும் அவள் பார்த்து வைத்திருந்தாள். எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. சரியாகச் சொல்லிவிட்டாள் என்பதனால் வந்த கோபம்.

"ஒன் வேலையப் பாரு, தனம். நான் ட்ரெயினிங் போய்ட்டு வந்தவன்."

"சரிங்க ஐயா."

வாளியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அந்தக் கிழமையே துரை கூப்பிட்டார். பால் பாதிக்குப் பக்கமாக விழுந்திருந்தது. "கொம்பனியில கேக்குறாங்க. இப்பிடிப் போனா புரொஜெக்ட மூடச் சொல்றாங்க. பில்லு எங்க போவுது?"

புரொஜெக்ட்டை மூடினால் சுப்பர்வைசர் வேலை போகும், ஸ்டாப் வீடு போகும், திரும்ப லயம். வாய் தானாகத் திறந்தது.

"லயத்து ஆக்கள் உள்ள பூந்து அறுக்குறாங்களோன்னு சந்தேகமா இருக்கு சேர்."

சந்தேகம் என்றுதான் சொன்னேன். பல நாள் அதைச் சொல்லியே என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டேன்.

4. இன்குவாரி

துரை தோட்டத்துக் காவலுக்கு இருந்த வாச்சர் பியதாசவைக் கூப்பிட்டு விசாரித்தார். தனம் புல்லுக்கட்டோடு ஐந்தாம் துண்டுப் பக்கத்துப் பாதையில் வந்ததைக் கண்டதாக அவர் சொன்னார். கூடவே இதையும் சொன்னார்: "மஹத்தயா, கட்டு கண்டது மெய்தான். எங்க அறுத்ததுன்னு நான் காணல்ல." ஆற்றோரத்திலிருந்து லயத்துக்கு அந்தப் பாதை ஒன்றுதான். பியதாசவுக்கு எழுத வாசிக்க அவ்வளவாக வராது. ஆனால் கண்டதற்கு மேல் ஒரு சொல் சொல்லவில்லை.

மறுநாள் காலை ஐந்தாம் துண்டில் இன்குவாரி வைத்தார்கள். துரை, தொழிற்சங்கத் தலைவர், பியதாச, தனம், நான். தனம் பாதி வெட்டிலிருந்து வந்திருந்தாள். கையில் பால் காய்ந்து ஒட்டியிருந்தது.

"நீ இங்க அறுத்தியா?" துரை கேட்டார்.

"இல்லீங்க தொரை. ஆத்தோரத்துல அறுத்தேங்க."

தலைவர் சொன்னார்: "அவ பொய் சொல்ற ஆளில்ல, சேர். மாடு மேஞ்சே இப்பிடி ஆகியிருக்கலாம்தானே?"

துரை என் பக்கம் திரும்பினார். "ஒனக்குத்தான் தெரியும். பாத்துச் சொல்லு. அறுத்ததா, மாடு கடிச்சதா?"

குனிந்தேன். இரண்டு கையாலும் புல்லை விலக்கிப் பார்த்தேன். ஒவ்வொரு நுனியும் நைந்திருந்தது. ஒன்று உயரம், ஒன்று குட்டை. ஒரு தூரைத் தொட்டேன், வேரோடு கையில் வந்துவிட்டது. பக்கத்திலேயே முந்தாநாள் சாணி காய்ந்து கிடந்தது. ஒரு வெட்டுக்கூட இல்லை.

கடித்தது என்று சொன்னால் அடுத்த கேள்வி, எந்த மாடு. என் மாடுதான், வேறு மாடு உள்ளே வர வழியில்லை. அதற்கடுத்த கேள்வி, ஏன் இவ்வளவு குட்டையாக. பிறகு ஓய்வு நாள், பிறகு அந்த நாலு மாடு. குனிந்திருந்த நேரத்துக்குள் எல்லாக் கேள்வியும் வரிசையாக வந்து நின்றன.

நிமிர்ந்தேன். "அறுத்ததுதான் சேர். அருவா பட்டிருக்கு."

தலைவர் என் அருகே வந்தார். "நல்லாப் பாத்துச் சொல்லுங்க ஐயா. ஒரு குடும்பத்து விசயம்."

வாயிலிருந்து விழுந்ததைத் திரும்ப எடுக்க அது ஒரு நல்ல வழி. அவர் எனக்காகவே திறந்துவிட்ட வழி போல இருந்தது. "பாத்துட்டேன் தலைவரே. அறுத்ததுதான்" என்றேன். முதல் தடவை பயத்தில் சொன்னேன் என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டாம் தடவைக்கு என்ன சாட்டுச் சொல்ல?

தனம் குனிந்தாள். ஒரு புல்லைக் கிள்ளி எடுத்து நுனியைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். புல்லைக் கைக்குள்ளேயே வைத்துக்கொண்டு நின்றாள்.

துரைக்கும் அது பிடித்த வேலையில்லை. ஆனாலும் முடிவு சொன்னார்: இரண்டு கிழமைக்குள் லயத்து மாடுகள் எல்லாம் தோட்டத்துக் காணியை விட்டுப் போகவேண்டும். நாலு வீட்டில் மாடு இருந்தது. மூன்று வீட்டுக்காரர்கள் தோட்டத்துக்கு வெளியே நாட்டுப்பக்கத்தில் தெரிந்தவர்களிடம் கொண்டுபோய்க் கட்டினார்கள். தனத்துக்கு வெளியில் யாரும் இல்லை, விற்கத்தான் வேண்டியிருந்தது.

அவிசாவளையிலிருந்து மாட்டு முதலாளியின் லொறி வந்தது. செவலை ஏழு மாதச் சினை. லொறிப் பலகையில் கால் வைக்கமாட்டேன் என்று நின்றது. இரண்டு பேர் வாலை முறுக்கினார்கள். தனம் அவர்களை விலகச் சொல்லிவிட்டு, தானே முதலில் பலகையில் ஏறி லொறிக்குள் போய் நின்று கூப்பிட்டாள். மாடு பின்னால் ஏறிவிட்டது. நான் பட்டிக்குள்ளிருந்து பலகை இடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் பின்னால் என்னுடைய நாலு மாடும் அசைபோட்டுக்கொண்டு நின்றன. போகவேண்டியவை அவை. போனது பால் மாடு.

அடுத்த மாதத்திலிருந்து அவள் மகள் டியூஷனுக்குப் போகவில்லை. அந்த வருடமே கார்மென்ட் வேலைக்குப் போய்விட்டாள்.

5. மழை

லயத்து மாடுகள் போய் ஒரு மாதத்துக்கு மேல் ஆகியும் ஒரு புல்கூட எழும்பவில்லை. எழும்பாது, முதலில் அறுத்தவர்களே யாரும் இல்லையே. துரை இதைக் கவனித்துவிடுவார் என்று ஒவ்வொரு நாளும் பயந்தேன். கவனித்தால் நல்லது என்றும் சில நேரம் நினைத்தேன்.

சித்திரையில் மழை கொட்டியது. பதினைந்து நாளில் மலை பச்சையாகிவிட்டது. துரை ஜீப்பை நிறுத்தி இறங்கி, என் தோளில் தட்டினார்.

"பாத்தியா? அறுக்கிறத நிப்பாட்டினதும் பில்லு வந்திருச்சு. நீ சொன்னது சரி."

என் பொய்க்கு மழை வந்து சாட்சி சொல்லிவிட்டது. மழை பெய்ததால் வந்தது சேர் என்று சொல்ல ஒரு மூச்சு போதும். "ஆமாங்க சேர்" என்றேன்.

கொம்பனியிலிருந்து பாராட்டுக் கடிதம் வந்தது, மேய்ச்சல் நிலத்தைப் பாதுகாத்ததற்காக. என் வீட்டுக்காரி அதைக் கண்ணாடி போட்டு முன்னறையில் மாட்டினாள். அவளுக்கு நடந்தது தெரியாது. அதைக் கழற்றச் சொல்ல ஒரு காரணம் சொல்லவேண்டும், அதனால் கழற்றச் சொல்லவில்லை. அதன் கீழே உட்கார்ந்து சாப்பிட்டேன்.

6. லாபம் வந்த வழி

இனி பிள்ளைகள் கேட்ட விஷயம். ஆறாம் நம்பர் மலை லாபத்துக்கு வந்தது உண்மை.

மழைக்காலத்திலேயே அந்த நாலு மாட்டையும் விற்கவைத்தேன். ரிப்போர்ட்டில் ஒவ்வொரு மாட்டுக்கும் காரணம் எழுதினேன். துரை ஒரு வார்த்தை கேட்கவில்லை, கையெழுத்துப் போட்டார். எதற்குப் பயந்து ஒரு குடும்பத்தின் மாட்டை ஏற்றிவிட்டேனோ, அது ஒரு நிமிட வேலையாக இருந்தது.

அந்த மாடுகளின் காசில் பள்ளத்தாக்கு ஈரத்தில் சீ.ஓ.-த்ரீ புல் நட்டோம், அறுத்துப் போடுவதற்கு. எட்டுத் துண்டைப் பன்னிரண்டாகப் பிரித்தோம். திறக்கிற நாளை நாட்காட்டி பார்த்துத் தீர்மானிக்கிற பழக்கத்தை விட்டுவிட்டுக் குனிந்து குருத்தைப் பார்த்தோம். மழை குறைந்தால் சுற்றைத் தாமதமாக்கினோம், அந்த நாட்களுக்கு மூட்டைத் தீவனம் வாங்கினோம். அந்தச் செலவைப் பார்த்து முதலில் துரை முகம் சுளித்தார். அடுத்த தை மாதம் பால் பெரிதாக விழவில்லை. வருடக் கடைசியில் தாளின் அடியில் முதல் தடவையாக லாபம் நின்றது.

மாட்டைக் குறை, குருத்தைப் பார், புல்லுக்கு நாள் கொடு. பால் வாளியோடு கம்பியோரம் நின்று தனம் சொன்னதற்கு மேல் இதில் ஒன்றும் இல்லை.

வேறு தோட்டங்களிலிருந்து பார்க்க வந்தார்கள். கம்பூட்ஸ் போட்டுக்கொண்டு நான் விளக்கிச் சொன்னேன். ஒரு இளம் துரை குறிப்புப் புத்தகத்தில் எழுதிக்கொண்டே கேட்டார், "இந்த ஓய்வு நாள் விஷயமெல்லாம் எங்க படிச்சீங்க?"

"அனுபவம்தான் சேர்" என்றேன்.

தூரத்தில் பால் வெட்டுக்காரர்கள் ஸ்டோருக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். அவர்களில் யார் யார் இருந்தார்கள் என்று நான் பார்க்கவில்லை.

7. கிடாரி

போன வருடம் பென்ஷன் ஆனேன். பிரிவு உபசாரத்தில் துரை ஒரு கிடாரிக் கன்றைக் கழுத்தில் மாலை போட்டுக் கொண்டுவந்து கொடுத்தார். நல்ல சாதி, எட்டு மாதம். எல்லாரும் கைதட்டினார்கள். கயிறு என் கையில் இருந்தது, மனசுக்குள் செவலை லொறியில் ஏறிக்கொண்டிருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கன்றைப் பிடித்துக்கொண்டு லயத்துக்குப் போனேன். தனம் வாசலில் விறகு பிளந்துகொண்டிருந்தாள். ஐயா வாங்க என்று ஸ்டூல் எடுத்துப் போட்டாள். உள்ளே போய்த் தேத்தண்ணி கொண்டுவந்தாள்.

"பால் இல்லீங்க ஐயா. பிளேன்டீதான்."

குடித்தேன். மகளைப் பற்றிக் கேட்டேன். கார்மென்டில் மூன்றாவது வருடம் என்றாள். பிறகு சொன்னேன், "தனம், இந்தக் கன்ன ஒனக்குன்னு கொண்டாந்தேன். வச்சுக்க."

கன்றின் நெற்றியைத் தடவினாள். பல்லைப் பார்த்தாள், காலைத் தூக்கிக் குளம்பைப் பார்த்தாள். மாடு தெரிந்தவள் பார்க்கிற மாதிரிப் பார்த்தாள். கயிற்றைத் திரும்ப என் கையில் கொடுத்தாள்.

"நல்ல கன்னு. நான் எங்கங்க ஐயா புல்லு அறுக்குறது? எங்க கானு இன்னும் உள்ளதானே இருக்கு."

எனக்கு அது தோன்றவே இல்லை. மாட்டைக் கொடுத்தால் முடிந்துவிடும் என்று நினைத்திருந்தேன். மேய்ச்சல் நிலத்துக்குப் பாராட்டுக் கடிதம் வாங்கியவன்.

அப்போதுதான் சொன்னேன். தலையைக் குனிந்துகொண்டே சொன்னேன். "தனம், அன்னைக்கு அந்தப் புல்லு… அறுத்ததில்ல. கடிச்சதுன்னு எனக்குத் தெரியும்."

"தெரியுமுங்க ஐயா. நானும் பாத்தேன்ல."

"அப்பவே சொல்லியிருக்கலாமே நீ. கையில புல்லு இருந்துச்சே. தொரைகிட்டக் காட்டியிருந்தா…"

"காட்டியிருக்கலாமுங்க." விறகுச் சிராய்களைப் பொறுக்கிக் கூடையில் போட்டாள். "நீங்க குனிஞ்சு பாத்தீங்க. தலைவரும் திருப்பிக் கேட்டாரு. நீங்க சொல்லிருவீங்கன்னு பாத்துக்கிட்டு இருந்தேன். நம்ம அண்ணன்தானேன்னு."

கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு எழுந்தேன். கிளம்பும்போது, "பழையபடி அண்ணேன்னே கூப்பிடு, தனம்" என்றேன்.

"பரவால்லீங்க ஐயா" என்றாள். "மழ வருது, கன்ன நனைய விடாதீங்க."

மறுநாள் துரையிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். "இப்ப வந்து சொல்றியே" என்றார், அவ்வளவுதான். மூன்றாம் கான் வெளியே வருகிற மாதிரிக் கம்பியை வளைத்து அடித்துத் தரச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். இதுவரை அடிக்கவில்லை. இந்தக் குறிப்பைப் படிக்கிற பிள்ளைகளிடம் நான் முதலில் கேட்பது அந்தக் கம்பியை வளைப்பதைத்தான். ஓய்வு நாளும் தீவன மூட்டையும் எந்தப் புத்தகத்திலும் கிடைக்கும். வேலி அடிக்க முன் அங்கே யார் புல் அறுக்கிறார்கள் என்று கேளுங்கள். உங்களிடம் பார்த்துச் சொல் என்று கேட்டால், பார்த்ததைச் சொல்லுங்கள். அந்த இடத்திலேயே சொல்லுங்கள்.

கடிதத்தைச் சுவரிலிருந்து கழற்றிவிட்டேன். வீட்டுக்காரிக்கும் சொல்லிவிட்டேன். கிடாரி என்னிடமே வளர்கிறது. அந்தியில் வீட்டுக்குப் பின்னால் கட்டிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். அது மேய்ந்து நகர்ந்ததும் குனிந்து புல் நுனியைப் பார்ப்பது பழக்கமாகிவிட்டது. நைந்துதான் இருக்கும். இப்போது யாராவது கேட்டால் உடனே சொல்லிவிடுவேன். யாரும் கேட்பதில்லை.